ஒரு பல் மட்டும் விறைத்தது

இன்று காலை மருமகள் தந்த தேநீரில் கராம்பு மணத்தது. இஞ்சி முடிந்துபோனதாம், அதனால் கராம்பைத் தட்டிப் போட்டாளாம். சுடுகிறது என்று சொல்லி வாசற்படியில் வைத்தேன். ஆறியதும் செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா மாமா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. கராம்பு மணம் எனக்கு உன் வாயின் மணம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ போன பிறகு மகன், தான் மணமுடித்துப் போன வீட்டுக்கு என்னைக் கூட்டி வந்துவிட்டான். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வீடு மகளுக்கு. மகன் பெண்ணெடுத்த இடத்துக்குப் போய்விடுவான். தாயும் தகப்பனும் மகளின் வீட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வயதாகிப் போவார்கள். நாமும் மகள் றிஹானாவுக்காக நம் வளவின் பின்பக்கம் அத்திவாரம் போட்டிருந்தோம். பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு இப்போதே வீடு என்று நான் கேட்டதற்கு, "புள்ள வளர வளரச் சுவரும் வளரட்டும்" என்றாய். மகள் இல்லாதவன் இப்போது மருமகள் வீட்டில், சாப்பிடக் கூப்பிடும்வரை முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடாமல் விட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வேளையும் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உன் முந்தானை முடிச்சில் எப்போதும் கராம்பு இருக்கும். இடது பக்கத்துக் கீழ்க் கடவாய்ப் பல். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் அது நோகத் தொடங்கியது. அன்று காலை நான் மாவடிப்பள்ளியில் வயல் பார்க்கப் போயிருந்தேன். மகன் டியூஷன் வகுப்பில் இருந்தான். கடற்கரை வீட்டில் நீயும் மகளும் மட்டும். கடல் வந்து திரும்பிய பிறகு உன்னை ஒரு தென்னையின் அடியிலிருந்து எடுத்தார்கள். மகளை யாரும் எடுக்கவில்லை. ஜனாஸா கூடக் கிடைக்கவில்லை. அடக்கம் செய்த இடம் என்று போய் நிற்க நமக்கு ஒரு பிடி மண் இல்லாமல் போயிற்று.

அகதிகளாக நாம் படுத்துக் கிடந்தது நான் பாடம் நடத்திய வகுப்பறையில். முந்திய தவணையில் நான் எழுதிவிட்டுப் போன பின்னக் கணக்கு கரும்பலகையில் அழியாமல் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து நீ பாண் சாப்பிட்டபோதுதான் கவனித்தேன், வலது பக்கத்தால் மட்டும் மென்றாய். கேட்டேன். "தண்ணிக்க ஏதோ அடிச்சித்து" என்றாய். அதற்கு மேல் தண்ணீருக்குள் நடந்ததைப் பற்றி நீ யாருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் உணர்ந்தேன். கல்யாணமான புதிதில் நீ என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. மகன் பிறந்த பிறகும் "இஞ்சேருங்க"தான். மகள் பிறந்த பிறகே நான் "மகள்ட வாப்பா" ஆனேன். அடுப்படியிலிருந்து அந்தப் பெயரை நீ கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். அகதி முகாமில் மறுபடியும் "இஞ்சேருங்க" ஆகிவிட்டேன்.

மீள்குடியேற்ற வீடு கிடைத்து அங்கே போன பிறகும் பல் உன்னை விடவில்லை. சில மாதம் சும்மா இருக்கும். பிறகு கன்னம் வீங்கும், காய்ச்சல் வரும், சீழ் வடியும், வற்றும். கராம்பைக் கடித்துக்கொண்டு வேலை செய்வாய். ஆனால் பல் நன்றாக விறைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவாய். "ஏன், இன்னும் கொஞ்ச நேரம் வையேன்" என்றால், "காரம்" என்பாய்.

காரைதீவு டொக்டரை உனக்கு நினைவிருக்கும். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் கல்முனை நகரில் துணிக்கடைக்கு மேலே அவருடைய சின்னக் கிளினிக். ஒருமுறை உன்னை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"சேர், பல்லு நடுவால வெடிச்சிரிக்கி. எடுக்கத்தான் வேணும். இது கீழ்ப் பல்லு. சீழ் கழுத்துக்கு இறங்கினா மூச்சுக்குழாய அடைச்சிப் போடும். உயிருக்குப் பொல்லாத விஷயம். கெதியா ஒரு முடிவெடுங்க."

நீ முடிவெடுத்திருந்தாய். ஊசியைப் பார்த்ததும் எழுந்து செருப்பைக் கூடப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டாய். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நான் வந்ததைத் துணிக்கடைப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஊரெல்லாம் உனக்கு ஊசிப் பயம் என்று பேசிக்கொண்டது. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"என்னகா, ஒரு பல்லுக்கா இவ்வளவு பயம்? ரெண்டு புள்ள பெத்த பொம்புள நீ!"

"புள்ள பெறக்குள்ள ஒருத்தரும் என்னை வாயத் தொறக்கச் செல்லல்லயே ராத்தா."

ராத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நோன்பு மாதம் வந்தது. நோன்போடு ஊசி போட ஏலாது என்றாய். நான் பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"விறைக்கப் போடுற ஊசியால நோன்பு முறியாதாம். மருந்து தொண்டைக்குள்ள போகாட்டிச் சரியாம். மௌலவி செல்றார்."

"போனா?"

"துப்பலாம்தானே."

"மௌலவிட பல்லா, என்ட பல்லா?"

இப்படி நீ என்னை மடக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பழைய நீ எங்கோ உள்ளே இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். ஊசிப் பயம் என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். நீயும் மறுக்கவில்லை. நாங்கள் கொடுத்த அந்தப் பயத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்குள் இருந்தாய்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. சுனாமிக்குப் பிறகு வந்து வேலை செய்த வெளிநாட்டு வைத்தியக் குழு ஒன்று, திரும்பிப் போகும்போது டொக்டரிடம் விட்டுச் சென்றது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வரும். குழாயின் நுனியில் பேனை போன்ற ஒரு பிடி. அதன் முனையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஊசி. காலால் ஒரு மிதியை அழுத்தினால் மருந்து இறங்கும். டொக்டர் அதை ஒரு புதுச் சைக்கிளைக் காட்டுவதுபோல எனக்குக் காட்டினார்.

"ஆக்கள் நினைக்கிற, குத்துறதுதான் நோவு எண்டு. குத்துறது கொஞ்சம் சேர். மருந்து வேகமா உள்ளுக்குப் போகக்குள்ள வாற அமுக்கம்தான் பெரிய நோவு. எங்கட கை எப்பிடிப் பழகினாலும் ஒரே மாதிரி அமத்தாது. இது கொம்பியூட்டர். சொட்டுச் சொட்டாத்தான் விடும். அவசரப்படத் தெரியாது இதுக்கு."

இன்னொன்றும் சொன்னார். அலையில் அடிபட்டு உயிர் தப்பியவர்கள் பலர் அவருடைய கதிரையில் சாய மாட்டார்களாம். அரைவாசி முகம் விறைத்து, நாக்குத் தடித்து, வாயில் தண்ணீர் சேர்ந்ததும் மறுபடி மூழ்குவதுபோல மூச்சு முட்டுமாம். "இதால அந்த ஒரு பல்ல மட்டும் விறைக்க வைக்கலாம் சேர். உதடும் நாக்கும் அப்பிடியே இரிக்கும். ஓடிப்போன ஆக்களெல்லாம் இப்ப திரும்பி வாறாங்க. அக்காவையும் கூட்டி வாங்க."

சைக்கிளை வேகமாக மிதித்து வீட்டுக்கு வந்தேன். உனக்கு விளங்கப்படுத்த ஒரு நல்ல உதாரணம் வழியிலேயே கிடைத்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை எடுத்துக்கொள் என்றேன். வரம்பில் வக்கடையை அகலமாக வெட்டிவிட்டால் தண்ணீர் பாய்ந்து வரம்பையே உடைக்கும், சின்னதாக வெட்டினால் மண்ணுக்கு நோகாமல் மெல்ல மெல்ல ஊறும், மருந்தும் அப்படித்தான்.

நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "தண்ணியப் பத்தி எனக்குப் படிச்சித்தர வாணா."

அடுத்த வீக்கம் காது வரை ஏறியது. வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாய். மகன் அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடிவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உம்மா, நீங்களும் போனா நான் என்ன செய்யிற?" என்று மட்டும் கேட்டான். நீ அவனுடைய தலைமயிரைக் கோதிவிட்டாய். பிறகு, "போவம்" என்றாய்.

மாத்திரை கொடுத்து வீக்கத்தை வற்ற வைத்துவிட்டு டொக்டர் நாள் கொடுத்தார். கதிரையில் நீ சாய்ந்தாய். உதடு அசைந்துகொண்டே இருந்தது. டொக்டர் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அக்கா, ஓதுறது நல்லம். ஆனா வாய் ஆடினா நான் எங்க புடிக்கிற? மனசுக்குள்ள ஓதுங்க. அல்லாவுக்குக் கேக்கும்தானே?"

"உங்களுக்கு இதெல்லாம் ஆரு செல்லித்தந்த?"

"என்ட நோயாளியில அரைவாசி உங்கட ஆக்கள். நானும் பாதி மௌலவிதான் இப்ப."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் ஊசியை வைத்துவிட்டார். பெட்டி மெல்ல ஒலி எழுப்பத் தொடங்கியது. ஒரு ஒலி, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு ஒலி. உன் புருவம் சுருங்கவில்லை. "நோகுதா அக்கா?" இல்லை என்று கண்ணால் சொன்னாய். அந்தக் கண்ணில் ஒரு பிள்ளையின் ஆச்சரியம் இருந்தது. மடியில் இறுகிக் கிடந்த உன் விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

டொக்டர் சின்னக் கம்பியால் பல்லைத் தட்டினார். "இப்ப?" இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். "இப்ப?"

உன் கை எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டது. பிறகு வாய்க்குள் விரலை விட்டு அந்தப் பல்லைத் தடவினாய், அழுத்தினாய், ஆட்டினாய். விளக்கைத் தள்ளிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாய்.

"மகள்ட வாப்பா" என்றாய்.

எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர்! நான் ஓடி வந்தேன்.

"விட்டுப்போச்சு."

"என்ன விட்டுப்போச்சு?"

"புள்ள விட்டுப்போச்சு."

அன்றுதான் சொன்னாய். "ஒரு கை மரத்துல. மத்தக் கை புள்ளட கையில. ரெண்டாவது தண்ணி வரக்குள்ள கை வழுக்கித்து. சட்டக் கழுத்தப் பல்லால கவ்வினன். இந்தப் பல்லாலதான். தண்ணி இழுத்திச்சி. பல்லு வெடிச்ச சத்தம் காதுக்க கேட்டிச்சி. அப்பயும் விடல்ல. புறகு சட்ட கிழிஞ்சிதோ, நான் வாயத் தொறந்தனோ, எனக்குத் தெரியா. அல்லாவுக்குத்தான் தெரியும். அண்டையில இரிந்து இந்தப் பல்லுல இழுத்துக்கிட்டே இரிந்திச்சி. இழுக்கிற வரைக்கும் புள்ள அங்கதான். இப்ப ஒண்டும் இழுக்கல்ல. ஒண்டும் இல்ல."

உன் உதடு விறைக்கவில்லை, நாக்கும் விறைக்கவில்லை. டொக்டர் சொன்னபடியே அந்தப் பல் மட்டும்தான் விறைத்திருந்தது. அதனால் ஒவ்வொரு சொல்லும் குழறாமல் தெளிவாக வந்தது.

டொக்டர் பெட்டியை நிறுத்தினார். மறுபக்கம் திரும்பி, கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினார். பிறகு வந்து உன் முன்னால் ஒரு சிறு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பல்ல எடுக்கல்ல அக்கா. பயப்படாதிங்க. மருந்து இறங்கிரும். நோவு திரும்பி வரும்."

"மெய்யா?"

"மெய்தான்."

எந்தப் பல் வைத்தியரும் தன் நோயாளிக்கு இப்படி ஆறுதல் சொல்லியிருக்க மாட்டார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கீழே துணிக்கடையில் பெருநாள் வியாபாரம். நீ கன்னத்தில் கையை வைத்து, பக்கத்து அறையில் ஏதோ கேட்பவளைப்போல இருந்தாய். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அதற்குக் கொஞ்சம் பிறகு உன் முகம் சுளித்தது. கண்ணை மூடினாய். "வந்துத்து" என்றாய். மழையில் நனைந்து பிந்தி வந்த பிள்ளையைத் துவட்டும்போது உனக்கு வரும் முகம் அப்போது வந்தது.

அதன் பிறகு உன்னை யாரும் அந்தக் கதிரைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. ராத்தா ஏசினார். மகன் கெஞ்சினான். "தண்ணியில போன புள்ள ஷஹீது, சுவர்க்கத்துல இரிக்கி" என்று மௌலவி வீட்டுக்கு வந்து சொன்னார். "அங்க இரிக்கட்டும். இஞ்சயும் கொஞ்சம் இரிக்கட்டும்" என்று நீ தேநீர் ஊற்றிக் கொடுத்தாய். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆனால் வாழ்நாள் முழுக்க எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருந்த எனக்கு இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. எதைப்போல என்று சொல்வது? எதைப்போலவும் இல்லை. வீக்கம் வரும்போதெல்லாம் டொக்டர் மாத்திரை தந்தார். "கொஞ்ச நாளைக்குத்தான் இதால இழுத்துப் பிடிக்க ஏலும் சேர்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அந்தப் பெட்டிக்குப் போடும் குழாய்களும் தீர்ந்து, அவர் அதை ஒரு துணியால் மூடி அலுமாரி மேல் வைத்துவிட்டார்.

யுத்தம் முடிந்த வைகாசியில்தான் கழுத்து வீங்கியது. காலையில் உன்னால் எச்சில் கூட விழுங்க முடியவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனேயே மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். வாகனத்தில் மகன் முன்னால், நீயும் நானும் பின்னால். தெருவெல்லாம் வெடி. கொடி. சந்திக்குச் சந்தி பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அடையாள அட்டையைக் கையில் பிடித்து இறங்கி நடந்து ஏறிய அத்தனை காவலரணிலும் அன்று தடைமரம் மேலே தூக்கியிருந்தது. நம்மை யாரும் நிறுத்தவில்லை. ஓரிடத்தில் வாகனம் மெதுவானபோது ஒரு சின்ன ஆமிக்காரப் பொடியன் யன்னலுக்குள் பாற்சோற்றை நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என் வாழ்க்கையில் அந்த வீதியில் அவ்வளவு விரைவாகப் போனதேயில்லை. நீ கதைக்க முடியாமல், கன்னத்தில் கையை வைத்தபடி என் தோளில் சாய்ந்து வந்தாய்.

தொண்டையில் துளையிட்டு மூச்சு விட வைத்தார்கள். செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் நீ போய்விட்டாய்.

உன்னைக் குளிப்பாட்டிய பெண்களில் ராத்தாவும் இருந்தார். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "முகம் நல்ல அமைதியா இரிக்கி மாஸ்டர். பல்லுத் துடைக்க மட்டும் வாயத் தொறக்க ஏலாமப் போயித்து. இறுக்கிக் கடிச்சிட்டுப் போயித்தா." நீ எதைக் கடித்துக்கொண்டு போனாய் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் இன்று உனக்கு எழுதக் காரணம் தேநீர் மட்டுமல்ல. போன கிழமை எனக்கும் ஒரு பல் எடுத்தார்கள். அதே டொக்டர்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. புதுப் பெட்டி வாங்கியிருக்கிறார், பழையதைவிடச் சிறியது. அதைக் கண்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். "சாய்ஞ்சி படுங்க சேர்" என்றார். அந்த ஒலி தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு வந்தது எனக்கும் வரும் என்று நினைத்தேன். ஒரு சத்தம், ஒரு இழுப்பு, மகள் "வாப்பா" என்று ஒரு முறை. ஒன்றும் வரவில்லை. அவளுடைய குரல் என்னிடமிருந்து போய்விட்டது. எப்போது போனதென்று கூட எனக்குத் தெரியாது. நான் அந்தத் தண்ணீரில் நிற்கவில்லை. என் கையிலிருந்து எதுவும் வழுக்கவில்லை. அவளைப் பிடித்துவைக்க உனக்காவது ஒரு பல் இருந்தது. நான் எதால் பிடிப்பேன்? அவளைக் கடைசிவரை பிடித்திருந்த நீயும் போன பிறகு, சுமப்பதற்கு என்னிடம் இருப்பது உன் வாயில் வந்த அந்தச் சில சொற்கள்தான். அவற்றையும் நான் மாற்றாமல் வைத்திருக்கிறேனா என்று சொல்ல நீ இல்லை.

"நோகுதா சேர்?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். பல் வந்துவிட்டது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். விறைப்பு இறங்கியதும் நோவு வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்கள் வந்து போயின. நான் ஏறாமல், கன்னத்தில் கையை வைத்துக் காத்திருந்தேன். வெயில் சாய்ந்த பிறகு வந்தது. பல் பிடுங்கிய நோவு மட்டும்தான் வந்தது.